எரிந்தது ஒரு தரப்பு

2012 நவம்பர் 8ஆம் தேதி காலை. கடத்தூர் பேருந்து நிலையம் பக்கத்து டீக்கடையில் என் சித்தப்பா செய்தித்தாளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர். ஒவ்வொரு சொல்லாக நின்று நின்றுதான் போவார். "இரு தரப்பினர் இடையே" என்ற இடம் வந்ததும் தாளை மடியில் வைத்துவிட்டார்.

"ஏம்பா, ரெண்டு தரப்புன்னா ரெண்டு பக்கமும் எரிஞ்சிருக்கணுமில்ல?"

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் ஊர்க்காரர்கள், நாங்கள் இரண்டு பேர் காலனி. யாரும் பதில் சொல்லவில்லை.

முந்தைய நாள் மாலை நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீ வைக்கப்பட்டன. நத்தம் காலனியைச் சேர்ந்த இளவரசனும் வன்னியர் சமூகத்துப் பெண் ஒருவரும் திருமணம் செய்துகொண்டிருந்தார்கள். பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதை அடுத்துக் கூட்டம் கிளம்பியது. எரிந்த வீடுகளில் ஒன்றுகூட மறு தரப்பினுடையது அல்ல. இதற்கு வைக்கப்பட்ட பெயர்தான் "இரு தரப்பு".

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இப்போது முனைவர் பட்டத்துக்காகச் சாதி வன்முறைச் செய்திகளின் மொழியை ஆராய்ந்துகொண்டிருக்கிறேன். ஆய்வு நெறியாளரிடம் எத்தனையோ விதமாக விளக்கியிருக்கிறேன். ஆனால் என் ஆய்வுக் கேள்வி இன்றைக்கும் சித்தப்பா கேட்டதுதான்.

இதழியல் படிக்கும் மாணவர்களுக்கு ஊடக அறம் என்று ஒரு பாடம் உண்டு. அதில் பயன்பாட்டுவாதம் தவறாமல் வரும். ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் விளைவைக் கொண்டு முடிவு செய், எது அதிகம் பேருக்கு அதிக நன்மை தருமோ அதைச் செய் என்பது அதன் சுருக்கம். பாடத்தில் அது ஏதோ தத்துவம்போல இருக்கும். செய்தி மேசையிலும் அரசின் மக்கள் தொடர்பு அலுவலகத்திலும் அதுதான் அன்றாட நடைமுறை. பெந்தாமின் பெயரையே கேள்விப்படாதவர்களும் ஒவ்வொரு இரவும் அந்தக் கணக்கைப் போட்டுத்தான் பக்கத்தை அச்சுக்கு அனுப்புகிறார்கள்.

கடத்தூர் பக்கம் நீண்ட காலம் பகுதி நேர நிருபராக இருந்த அண்ணன் ஒருவரிடம் ஆய்வுக்காகப் பேசினேன். நல்ல மனிதர். சாதி வெறியர் என்று அவரைச் சொல்லவே முடியாது. "பேர் போட்டா நாளைக்கே நாலு ஊர்ல பஸ் கண்ணாடி உடையும் தம்பி. போடாம விட்டா யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்டவர், வள்ளுவரையும் துணைக்கு அழைத்தார். குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்று வாய்மை அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது. அதைத்தான் சொன்னார்.

அந்தக் குறளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் "நன்மை" என்ற இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு முன்னால் நிற்கும் "குற்றமில்லாத" என்ற நிபந்தனையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான்கு பேருக்கு நன்மையும் ஐந்தாவது ஆளுக்குக் கேடும் வந்தால் அது குற்றமில்லாத நன்மை ஆகுமா?

அண்ணனின் கணக்கை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். மோதல் செய்திகளில் சமூகங்களின் பெயரைத் தவிர்க்கும் வழக்கம் சும்மா வந்ததல்ல. மதக் கலவரக் காலங்களில் ஒரு தலைப்புச் செய்தி அடுத்த ஊரில் பிணங்களை விழவைத்ததைப் பார்த்த அனுபவம் அதன் பின்னால் இருக்கிறது. தேவையில்லாமல் ஒருவரின் சாதியைக் குறிப்பிடக் கூடாது என்று இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளும் சொல்கின்றன. ஒரு திருட்டு வழக்கில் பிடிபட்டவரின் சாதியை எழுதுவது அயோக்கியத்தனம். இதில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஆனால் சாதியே குற்றத்தின் காரணமாக இருக்கும்போது அதை எழுதாமல் எதை எழுதுவது? 1989ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், தாக்கியவர் அப்படி அல்லாதவர் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடித்தளம். இரண்டு பேரும் யார் என்று சொல்லாமல் அதன்கீழ் வழக்கை நடத்த முடியாது. காவல் நிலையத்தில் எழுதப்பட்டு நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் ஓர் உண்மை, செய்தித்தாளில் மட்டும் "மாற்றுச் சமூகத்தினர்" ஆகிவிடுகிறது. எதற்கு மாற்று, யாருக்கு மாற்று? வாசகர் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊகித்தும்விடுகிறார்கள். இந்த மாவட்டத்தில் ஊர்ப்பெயரைச் சொன்னாலே சாதியைச் சொல்லிவிடுவார்கள். "காலனி" என்ற ஒரு சொல்லே போதும். அதாவது, மறைத்தாலும் தலித் அடையாளம் வெளியே தெரிந்துவிடுகிறது. மறைவது அடித்தவரின் அடையாளம் மட்டும்தான்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். வீடுகள் எரிந்த ஒரு மாதத்திற்குள் பாமக நிறுவனர் ராமதாஸ் தலித் அல்லாத சாதி அமைப்புகளைத் திரட்டத் தொடங்கினார். ஜீன்ஸ், டீ-சர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்றார். "நாடகக் காதல்" என்ற சொல் அப்போதுதான் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மக்கள் தொடர்புத் துறையின் பார்வையில் அது அபாரமான வெற்றி. இரண்டே சொற்கள்! வீட்டை இழந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டன. அந்தச் சொல்லைப் பல ஊடகங்கள் முதலில் மேற்கோள் குறிக்குள் போட்டன. கொஞ்ச நாளில் மேற்கோள் குறி உதிர்ந்தது. "நாடகக் காதல் உண்டா, இல்லையா?" என்று விவாத மேசைகள் போடப்பட்டன. ஒரு வதந்திக்கு எதிரெதிராக நாற்காலிகள் போட்டு உட்கார்ந்தாலே அது ஒரு கருத்தாகிவிடுகிறது.

இங்கேதான் கணக்கு பிடிபடுகிறது. தீ வைத்தவர்களின் சாதியை எழுதினால் பொது அமைதி கெடும், ஆகவே எழுதக் கூடாது. ஒரு சமூகத்தின் இளைஞர்கள் எல்லோரையும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதை ஒளிபரப்பினால் மட்டும் பொது அமைதி கெடாதாம். முதலாவதைத் தடுத்த அதே எச்சரிக்கை உணர்வு இரண்டாவதில் எங்கே போனது? பதில் எளிது. முதலாவதில் கோபப்படக்கூடியவர்கள் பஸ் கண்ணாடியை உடைக்கும் பலம் உள்ளவர்கள். இரண்டாவதில் காயப்படுபவர்களுக்கு அந்தப் பலம் கிடையாது. அதனால் அவர்களின் காயம் கணக்கில் ஏறவில்லை. நன்மை தீமையை எடைபோடுகிறோம் என்ற பெயரில் யார் திருப்பி அடிப்பார்கள் என்பதைத்தான் எடைபோட்டிருக்கிறார்கள்.

அந்த மாதங்களில் தர்மபுரி கல்லூரிக்குப் போகும் பேருந்தில் நான் ஜீன்ஸ் போடுவதை நிறுத்தினேன். எங்கள் காலனிப் பையன்கள் பலரும் நிறுத்தினார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த நஷ்டம் எந்தச் செய்தி ஆசிரியரின் பேரேட்டில் இருக்கிறது?

தத்துவக்காரர்களிடமே ஒரு நடை போய் வருவோம். பெரும்பாலானோரின் பெரும் மகிழ்ச்சி என்ற சொற்றொடரை 1776இல் எழுதிய அதே பெந்தாம், பிற்காலத்தில் அதிலிருந்த "பெரும்பாலானோர்" என்ற சொல்லைக் கைவிட்டார். 1829வாக்கில் அவர் போட்ட உதாரணம் இது: 4,001 பேர் கொண்ட ஒரு சமூகத்தில் 2,001 பேர் சேர்ந்து மீதி 2,000 பேரை அடிமையாக்கினால் மொத்த மகிழ்ச்சி கூடுமா, குறையுமா? குறையும் என்றார். பெரும்பான்மையின் மகிழ்ச்சியை மட்டும் பார்த்தால் இந்த அடிமைத்தனத்தை நியாயப்படுத்திவிடலாம் என்பது அவருக்கே உறைத்திருக்கிறது. ஊடக அறம் பாடத்தில் இந்தப் பகுதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகத் தேடிப் படித்தபோது, 2,001 என்பது ஊரும் 2,000 என்பது சேரியுமாகத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. நம்மூரில் இடைவெளி இன்னும் பெரிது என்பது வேறு விஷயம்.

ஒவ்வொருவரும் ஒருவராகவே எண்ணப்பட வேண்டும், எவரும் ஒருவருக்கு மேல் எண்ணப்படக் கூடாது என்பதைப் பெந்தாமின் விதியாக ஜான் ஸ்டூவர்ட் மில் பதிவு செய்கிறார். அம்பேத்கர் 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசியதோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். அரசியலில் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கு, ஒரு மதிப்பு. சமூக வாழ்விலோ அந்த ஒரு மதிப்பை மறுத்துக்கொண்டே இருக்கப் போகிறோம் என்று எச்சரித்தார். பெந்தாமின் கணக்கு தொடங்குவதற்கே தேவையான முதல் நிபந்தனை, ஆளுக்கு ஒன்று. அந்த நிபந்தனை இந்த நாட்டில் நிறைவேறவில்லை என்பதைத்தான் அம்பேத்கர் சொன்னார். நிறைவேறாத இடத்தில் "அதிகம் பேருக்கு நன்மை" என்று யார் சொன்னாலும், ஒருவர் ஒன்றாகவும் இன்னொருவர் கால் ஆகவும் எண்ணப்பட்டிருக்கிறார் என்றுதான் பொருள்.

மில்லைப் பற்றி ஒரு கிளைக்கதை. 1823இல், 17 வயதில், அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1858 வரை அங்கேதான் இருந்தார். எங்கள் தர்மபுரி 1792லேயே கம்பெனியின் கைக்குப் போய்விட்டது என்பதால், மில்லும் ஒருவகையில் எங்களை ஆண்டவர்தான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனியைக் கலைக்க நாடாளுமன்றம் முடிவெடுத்தபோது, கம்பெனி ஆட்சியால் இந்தியாவுக்கு விளைந்த நன்மைகளைப் பட்டியலிட்டு அதன் சார்பில் மனுவும் அறிக்கையும் எழுதியவர் மில். சுருக்கமாகச் சொன்னால், கம்பெனியின் பி.ஆர்.ஓ. வேலை. அடுத்த மூன்றாண்டுகளில் 1861இல் பயன்பாட்டுவாதம் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டார். கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆளப்படுபவர்களின் நன்மையை ஆள்பவரே கணக்கெழுதினால் எவ்வளவு பெரிய அறிவாளிக்கும் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று காட்டத்தான் சொல்கிறேன்.

அரசின் கணக்கு எப்படிச் சாயும் என்பதற்கு நாங்கள் லண்டன்வரை போக வேண்டியதில்லை. கடத்தூரிலிருந்து அரூர் வழியாகச் சித்தேரி மலையடிவாரத்துக்குப் போனால் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று அந்தப் பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். தானியத்தைப் பாழாக்கினார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் சிறையில் அடைக்கப்பட்டார்கள். கிராமமே காலியானது. வெளியே முதலில் போய்ச் சேர்ந்தது அதிகாரிகளின் கூற்று. கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போனோம் என்பது அது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் அங்கே போய்ப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது. சொன்ன பிறகும் அரசு மறுத்தது.

இப்படி மறுப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அரசு அலுவலகங்களில் இன்றும் கேட்கலாம். சீருடைப் பணியாளர்களின் மன உறுதி குலைந்துவிடும், காட்டைக் காக்க ஆளிருக்காது, துறையின் பெயர் கெட்டால் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்பார்கள். ஒரு மலையடிவாரத்துச் சிற்றூரை ஒரு தட்டிலும், முழு மாநிலத்தின் நன்மையை மறு தட்டிலும் வைத்தால் தராசு எந்தப் பக்கம் தாழும்? கணக்கு முடிந்தது.

முடியவில்லை. 1995இல் வழக்கு சிபிஐயிடம் போனது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி மாவட்ட முதன்மை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்கச் சொன்னது. அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. உண்மையான கடத்தல்காரர்களையும் பெரிய மனிதர்களையும் காப்பாற்றவே அப்பாவிகள் பலிகொடுக்கப்பட்டார்கள் என்ற பொருளில் நீதிபதி வேல்முருகன் எழுதினார்.

அப்படியானால் முழு மாநிலத்தின் நன்மை என்று தட்டில் வைக்கப்பட்டது என்ன? சில பெரிய மனிதர்கள். பொதுநலம் என்று எழுதிய மூட்டையைப் பிரித்தால் உள்ளே நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பிரிக்க 31 ஆண்டுகள் ஆயின. விளைவை வைத்தே தீர்ப்புச் சொல்லும் தத்துவப்படி பார்த்தாலும், அந்த மறுப்பு படுதோல்விதான். துறையின் பெயர் 1992இல் கெட்டிருக்க வேண்டியது, 31 ஆண்டு வட்டியோடு கெட்டது.

எனவே பயன்பாட்டுவாதத்தைத் தூக்கி எறியுங்கள் என்பது என் கட்சி அல்ல. பலரின் நலம், பலரின் இன்பம் என்று புத்தர் தம் முதல் சீடர்களை அனுப்பிவைத்தபோது சொன்னதைத்தான் அகில இந்திய வானொலி தன் முழக்கமாக வைத்திருக்கிறது. விளைவைப் பற்றிக் கவலைப்படாத ஊடகம் ஆபத்தானது. கணக்கை நேர்மையாகப் போடுங்கள் என்பதே கோரிக்கை. நேர்மையாகப் போட்டால் இன்றைய நிலவரம் என்ன? இரவு பத்து மணிக்கு நடந்த தாக்குதலின் சாதி விவரம் பத்தரைக்குள் வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. 2015இல் கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட யுவராஜ், தலைமறைவாக இருந்துகொண்டே ஆடியோ ஆடியோவாக அனுப்பினார். தொலைக்காட்சிக்குப் பேட்டியும் கொடுத்தார். 2022இல் ஆயுள் தண்டனை பெற்ற அந்த மனிதர், காவல்துறை தேடிக்கொண்டிருந்த மாதங்களில் ஒரு பி.ஆர்.ஓ. அலுவலகத்தையே கைப்பேசியில் நடத்தினார். செய்தித்தாள் "இரு தரப்பு" என்று பொறுப்போடு மௌனம் காக்க, சாதிப் பெயர் சொல்லும் வேலையைச் சாதிச் சங்கங்கள் குத்தகைக்கு எடுத்துக்கொண்டன. அவர்கள் சொல்லும்போது அது குற்றமாக வருவதில்லை, வீரமாக வருகிறது. பெயரை மறைத்தால் அமைதி நிலைக்கும் என்ற பழைய கணிப்பு, விளைவின் அடிப்படையிலேயே காலாவதியாகிவிட்டது.

"இயல்பு நிலை திரும்பியது" என்று வரும் செய்திக் குறிப்பையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அமைதிப் பேச்சுவார்த்தை நடந்தது, ஆட்சியர் நிவாரணம் வழங்கினார், படத்துடன் செய்தி. எங்கள் பகுதியில் இயல்பு நிலை என்றால் ஊர்த் தெருவில் இறங்கி நடக்கும்போது நாங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது. அது திரும்பிவிட்டது என்பதில் யாருக்கு மகிழ்ச்சி?

அண்ணனிடம் பேசியதில் இன்னொன்றும் வெளிவந்தது. தீபாவளி மலர், பொங்கல் மலர் என்றால் பகுதி நேர நிருபர்களே விளம்பரம் பிடித்துத் தர வேண்டும். கடத்தூரில் யார் விளம்பரம் தருவார்? வெற்றிலை மண்டிக்காரர், நகைக்கடைக்காரர், கட்சி ஒன்றியச் செயலாளர், சாதிச் சங்க நிர்வாகி. காலனியிலிருந்து யாரும் அரைப் பக்கம் தரப்போவதில்லை. "பஸ் கண்ணாடி உடையும்" என்பதற்குப் பின்னால் இந்த வரவு செலவும் இருக்கிறது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செய்திக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர், அதே ஊரில் இரவு வண்டியில் திரும்ப வேண்டியவர். ஆனால் அவருக்கு மேலே, குளிர்சாதன அறையில் கணக்குப் போடுகிறவர்கள் யார்? 1996இல் பி.என். உனியால் டெல்லியில் ஒரு தலித் பத்திரிகையாளரைத் தேடிக் கிடைக்காமல் எழுதிய கட்டுரை எல்லோருக்கும் தெரியும். 2019இல் ஆக்ஸ்பாமும் நியூஸ்லாண்ட்ரியும் எடுத்த கணக்கில் 121 தலைமைப் பொறுப்புகளில் 106இல் உயர்சாதியினர். தலித், பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை. நஷ்டத்தை அனுபவித்தவர் ஒருவர்கூட இல்லாத மேசையில் "யாருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு மௌனம்தான் பதிலாக வரும்.

இனி, நானே போட்ட ஒரு தப்புக் கணக்கு.

2013 ஜூலை 4 அன்று தர்மபுரி அரசு கலைக் கல்லூரிக்குப் பின்புறம் ரயில் பாதையோரம் இளவரசனின் உடல் கிடந்தது. என் வயதுப் பையன். அந்தப் படம் எனக்கு வந்தது. ஃபேஸ்புக்கில் பகிர்ந்தேன். உலகம் பார்க்கட்டும், பார்த்தால் உறைக்கும், அடுத்த சாவு தடுக்கப்படும் என்று நினைத்தேன். சுத்தமான பயன்பாட்டுவாதம். மாலையில் சித்தி கேட்டார்: "பெத்தவங்களக் கேட்டுட்டா போட்ட?"

எனக்குப் பதில் இல்லை. பிற்பாடு எம்மெட் டில் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி மறுபடி வந்தது. 1955இல் மிசிசிப்பியில் வெள்ளையர்கள் அடித்துக் கொன்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவன். அவனுடைய தாய் மேமி சவப்பெட்டியைத் திறந்து வைக்கச் சொன்னார். சிதைந்த முகத்தின் படத்தை ஜெட் இதழ் வெளியிட்டது. அமெரிக்கக் குடியுரிமைப் போராட்டத்தையே அந்தப் படம் உலுக்கியது. விளைவை மட்டும் பார்த்தால் அந்தப் படமும் நான் பகிர்ந்த படமும் ஒரே வகை என்று வாதிடலாம். ஆனால் அங்கே முடிவெடுத்தவர் தாய். இங்கே முடிவெடுத்தது நானும், என்னைப் போன்ற ஆயிரம் பேரும், சில செய்தி ஆசிரியர்களும். இறந்தவன் தலித் என்பதால் அவன் உடல் பொதுச் சொத்து என்று நானும்கூட நினைத்திருக்கிறேன். அன்று இரவே படத்தை நீக்கினேன். பகிரப்பட்டவை பகிரப்பட்டவைதான்.

அதற்கு முந்தைய நாள் சென்னை உயர் நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணைச் சூழ்ந்த மைக்குகளையும் நினைத்துப் பாருங்கள். தந்தையை இழந்தவர், எரிந்த ஊர்களின் பாரத்தைத் தலையில் சுமத்தப்பட்டவர், இனி இளவரசனோடு வாழப்போவதில்லை என்று அங்கேதான் சொன்னார். அந்த வாக்கியம் மாநிலம் முழுக்க ஓடியது. அந்த ஒளிபரப்பால் யாருக்கு என்ன நன்மை என்று எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் எனக்குத் தொகை வரவில்லை. ஒருவேளை வந்தாலும், அவரை அந்த மைக் முன் நிறுத்தியது சரியாகிவிடுமா? சில இடங்களில் கூட்டலே கூடாது. அரசியல் சட்ட வரைவு கிராமத்தை விட்டுத் தனிமனிதரை அலகாகக் கொண்டதில் மகிழ்கிறேன் என்று 1948இல் அம்பேத்கர் சொன்னபோது, அந்தத் தனிமனிதர் இப்படி ஒரு பெண்ணாகவும் இருப்பார். சாதிக்காகவும் அவரைச் செலவழிக்கக் கூடாது, சாதி ஒழிப்புக்காகவும் கூடாது. இணையத்தில் தேடினால் அவர் பெயர் ஒரு நொடியில் கிடைக்கும். இந்தக் கட்டுரையில் அதை எழுதவில்லை.

அடித்தவரின் சாதியை எழுது என்று ஒருபுறமும், அந்தப் பெண்ணின் பெயரை எழுதாதே என்று மறுபுறமும் சொல்வது முரணாகத் தோன்றலாம். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடக் கூடாது என்கிறது சட்டம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலோ சாதியைச் சொல்லாமல் வழக்கே இல்லை. இரண்டு சட்டங்களும் ஒரே ஆளைத்தான் பார்க்கின்றன: அடிபட்டவரை. நம் செய்தி மேசைகளோ அப்படியே தலைகீழாக, அடிபட்டவரை வீதிக்கு இழுத்துவிட்டு அடித்தவருக்குத் திரை கட்டுகின்றன.

போன வருடம் அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். பக்கத்துக் கிராமத்தில் கோயில் திருவிழாவில் காலனிக்காரர்களை உள்ளே விடவில்லை, கல் எறிந்திருக்கிறார்கள், நான்கு பேருக்குக் காயம். "நீதான் பெரிய ஆராய்ச்சி பண்றியே, எப்படி எழுதணும்னு சொல்லு" என்றார். பாதி கிண்டல், பாதி நிஜம். யார், யாரை, எங்கே, எதற்காக, எந்தச் சட்டப்பிரிவில் வழக்கு என்று எட்டு வரி சேர்ந்து எழுதினோம். அனுப்பிவிட்டு, "வராது பாரு" என்றார்.

மறுநாள் அதே டீக்கடையில் சித்தப்பா படித்துக்கொண்டிருந்தார். இப்போது கண்ணாடி போட்டிருக்கிறார். எட்டு வரி நான்காகியிருந்தது. தலைப்பில் "இரு தரப்பு" அப்படியே இருந்தது. கல் எறிந்தவர்களின் சாதி இல்லை. சட்டத்தின் பெயர் மட்டும் கடைசி வரியில் தப்பித்திருந்தது.

"வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்னு போட்டிருக்கான்" என்றார் சித்தப்பா. "அப்ப யார் அடிச்சான்னு தெரியுது."